முதல் நன்மைக்கு ஒரு வெள்ளிக்காசு: ஒஸ்லோவில் ஒரு பழைய நாணயக் கடை

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கடை நல்ல கடை. காசுகள் உண்மையான காசுகள். விலை கொஞ்சம் கூட, ஆனால் ஏமாற்று இல்லை. காசோடு வைத்திருக்கும் சீட்டுகளில் எழுதியிருக்கும் சமய விளக்கங்களை மட்டும் அப்படியே விழுங்க வேண்டாம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைந்த அந்த ஒன்று முழுக்க முழுக்கச் சீட்டுகளுக்காக.

போன காரணம் இதுதான். அக்காவின் மகளுக்கு முதல் நன்மை, பூசையில் நற்கருணை அப்பத்தை முதல்முறை வாங்குகிற நாள். தங்கச் சங்கிலியும் சிலுவைப் பென்டனும் எங்கள் சனம் எப்படியும் கொண்டுவந்து குவிக்கும். நான் நாணயம் சேர்க்கிற ஆள். பிள்ளை பிறந்து வளர்கிற இந்த நாட்டுப் பக்கத்துக் காசு ஒன்று, உண்மையாகவே கிறிஸ்தவ அடையாளம் பொறித்த மத்தியகாலக் காசு, கையில் வைத்துப் பார்க்கக்கூடிய நிலையில், 3,000 குரோனருக்குள் வேண்டும் என்பது கணக்கு. இணையத்தில் ஏலத்தில் எடுக்கலாம்தான். ஆனால் 800 வருடப் பழைய வெள்ளியைப் படத்தை மட்டும் பார்த்து வாங்க எனக்கு மனம் வராது.

கடை ஒஸ்லோ நடுப்பகுதியில், ட்ராம் பாதையிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. மணியை அடித்தால்தான் கதவு திறக்கும். உள்ளே இரண்டு பேர். எழுபதைத் தாண்டிய முதலாளியும், கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இளம் பெண்ணும். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது 19ஆம், 20ஆம் நூற்றாண்டுக் காசுகளும் போர்க்கால நோட்டுகளும். மத்தியகாலச் சாமான் கேட்டால்தான் வரும். கேட்டதும் முதியவர் பின்னறைக்குப் போய் நீலத் துணி விரித்த மரத்தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார், ஒரு பத்து மடங்கு லென்ஸையும் கையில் தந்தார், "ஆறுதலாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பி போடப் போய்விட்டார். வாங்குகிற ஆளா, சும்மா பார்க்க வந்த ஆளா என்று எடைபோடுகிற பார்வை இல்லை. கறுத்த முகத்தைக் கண்டதும் பின்னால் பின்னால் வருகிற கடைகளையும் இந்த நகரத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

முதல் தட்டில் கண்ணை இழுத்தது ஹரால்ட் ஹார்டுரோடே காசு. 1046இலிருந்து 1066 வரை நோர்வேயை ஆண்டவர், கடைசியில் இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் சண்டையில் விழுந்தவர், ஒஸ்லோவை நிறுவியவர் என்று பழைய கதைகள் சொல்கிற அதே மன்னர். காசின் ஒரு பக்கத்தில் மூன்று வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிய முடிச்சு. ட்ரைக்வெட்ரா என்பார்கள். மறுபக்கம் இரட்டைக் கோட்டில் சிலுவை. விலை 16,500. சீட்டில் "மூவொரு கடவுளின் அடையாளம்" என்று தடித்த எழுத்து. தந்தை, மகன், தூய ஆவி என்று மூவராய் இருக்கும் ஒரே கடவுள், திரித்துவம் என்பதும் அதுதான்.

எனக்கு இந்த இடத்தில்தான் முதல் முறைப்பாடு. அந்த முடிச்சு மூவொரு கடவுளைக் குறிக்கலாம், அப்படி வாசிக்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே முடிச்சு ஹரால்டுக்கு முன்பே டென்மார்க் காசுகளில் வருகிறது, கல்வெட்டுகளில் அலங்காரமாக வருகிறது. டென்மார்க் அரசுரிமைக்காகப் பல வருடம் சண்டை பிடித்த மனிதர் அந்த ஊர்க் காசின் சின்னத்தைத் தன் காசில் போடுவதற்குப் பக்தியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. சீட்டில் ஒரு "இருக்கலாம்" சேர்த்திருந்தால் சண்டை இல்லை. 16,500 குரோனர் கேட்கிற சீட்டில் அந்தச் சொல்லுக்கு இடம் இருக்க வேண்டும்.

முதியவரிடம் சொன்னேன். சிரித்தார். "திரித்துவம் என்று எழுதினால் விற்கிறது" என்றார் வெளிப்படையாக. பிறகு அவரே காசைச் சாய்த்துப் பிடித்து விளிம்பைக் காட்டினார். சாம்பல் வெள்ளைக்கு அடியில் ஒரு செம்புச் சாயல். ஹரால்ட் ஆட்சியின் தொடக்கத்தில் வெள்ளி நன்றாகத்தான் இருந்தது. போகப் போகச் செம்பு கூடி, வெள்ளி பாதிக்கும் கீழே போனது. அந்தக் காலத்து ஆட்களுக்கே இது தெரியும். ஹரால்ட் மன்னராகும் முன் அவரோடு பைசாந்தியத் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளில் கூலிப்படையில் நின்ற ஹால்தோர் என்ற ஐஸ்லாந்துக்காரர் பற்றி ஒரு பழைய கதை உண்டு. ஹரால்ட் நோர்வே மன்னரான பிறகு ஒரு நத்தார் காலத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள். ஹால்தோர் காசை அங்கியின் மடியில் வாங்கிப் பார்க்கிறார், நல்ல வெள்ளி இல்லை என்று கண்டதும் மற்றக் கையால் தட்டிவிட, எல்லாம் தரையில் கிடந்த வைக்கோலுக்குள் சிதறுகிறது. மன்னர் கொடுத்த சம்பளத்தை அப்படித் தட்டிவிட ஹால்தோரால் முடிந்தது, நான் மேசையில் மெதுவாகத் திருப்பி வைத்தேன். காசு போலி இல்லை, அழகும் இருக்கிறது, ஆனால் சிலுவைக்கு அடியில் செம்பை ஒளித்த காசை ஒரு பிள்ளையின் முதல் நன்மைக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. விலையும் என் கணக்குக்கு வெகு தூரம்.

கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு கூடையில் ஈயம் வெள்ளீயம் கலந்து வார்த்த நகல்கள். ஒன்று 149 குரோனர். "வைக்கிங் சிலுவைக் காசு" என்று பெயர். கீழே மூன்று மன்னர்களின் படம் போட்ட ஒரு அட்டை. நகல் வாங்க நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: விட்டுவிடுங்கள். எழுத்தெல்லாம் மழுங்கி, விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிகிறது, கை கறுக்கிறது. ஆனால் அந்த நகல் காட்டுகிற விஷயம் சுவையானது, அட்டையில் அதைப் பாதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்து மன்னர் ஈதெல்ரெட் 991 அளவில் ஒரு காசு வெளியிட்டார். நடுவில் சிலுவை, அதன் நாலு மூலைகளிலும் C, R, U, X என்று ஒவ்வொரு லத்தீன் எழுத்து, சேர்த்து வாசித்தால் "குருக்ஸ்", சிலுவை. வைக்கிங்குகளுக்குக் கப்பமாகக் கட்டிய வெள்ளியில் இந்தக் காசு அள்ளுகொள்ளையாக வடக்கே வந்தது. 995 அளவில் டென்மார்க்கில் ஸ்வென், நோர்வேயில் ஓலாவ் திரிக்வாசன், சுவீடனின் சிக்துனாவில் ஓலோஃப் ஷெத்கோனுங் என்று மூன்று பேரும் அதையே பார்த்துத் தங்கள் பேரில் அடித்தார்கள். மூன்று இடத்துக் காசிலும் அச்சடித்தவர் பேர் கோட்வினே, இங்கிலாந்துக்காரரின் பேர். ஒரே ஆள் மூன்று மன்னருக்கும் வேலை செய்தாரா, பார்த்து எழுதினவர்கள் பேரையும் சேர்த்து எழுதிவிட்டார்களா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அட்டையில் "மூன்று மன்னர்களும் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்ட காசு" என்று போட்டிருக்கிறது. ஓலோஃப் ஞானஸ்நானம் பெற்றது 1008 அளவில், ஹூசபி என்ற இடத்தில் என்பதுதான் சுவீடனில் வழிவழியாகச் சொல்கிற கதை. அந்தக் கதை சரியென்றால் காசில் சிலுவை வந்து ஒரு பதின்மூன்று வருடத்துக்குப் பிறகுதான் மன்னர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். அப்படியானால் அந்தச் சிலுவை சந்தை நம்புகிற காசின் முகம். லண்டன் வெள்ளியைக் கண்டு பழகிய வியாபாரிக்குச் சிலுவை இல்லாத காசு கள்ளக்காசு.

அதற்காக எல்லாம் வெறும் பிரதி என்று தள்ளவும் முடியாது. ஓலோஃபின் வேறு காசுகளில் "கடவுளின் சிக்துனா" என்று வாசிக்கத்தக்க எழுத்துகள் இருக்கின்றன. அதை எந்த இங்கிலாந்துக் காசிலிருந்தும் பார்த்து எழுதியிருக்க முடியாது. கூடையில் அந்தக் காசின் நகல் இல்லை என்பதுதான் வருத்தம்.

கூடையின் மற்ற நகல் 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்ட் புளூடூத் காசு. ஆம், கைபேசியில் இருக்கிற அதே புளூடூத், அந்தச் சின்னமே அவர் பேரின் முதலெழுத்துகளை, வடநாட்டாரின் பழைய ரூன் எழுத்தில், சேர்த்ததுதான். டேனியர்களைக் கிறிஸ்தவராக்கினேன் என்று யெல்லிங்கில் கல்லில் வெட்டி வைத்தவர் அவர். அவர் காலத்துக் காசில் சிலுவை வந்தால் அதைப் பக்தியோடு சேர்த்து வாசிப்பது எனக்கும் சரியாகப் படுகிறது. 2018இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் ஷாப்ரோட என்ற ஊருக்குப் பக்கத்து வயலில் ஒரு 13 வயதுப் பையன் உலோகம் தேடும் கருவியோடு போய் ஒரு புதையலுக்கு வழிகாட்டினான். அதில் நூற்றுக்கும் மேல் அவர் காலத்துக் காசுகள். இந்தக் கதையைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்கும். 149 குரோனர் நகலைக் கொடுத்தால் ஒரு கிழமையில் லேகோப் பெட்டிக்குள் போய்விடும்.

அடுத்த தட்டு பிராக்டியேட்டுகள். இதைக் கையில் எடுக்காதவர்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். 12ஆம் நூற்றாண்டுக் கடைசிப் பக்கம் நோர்வேயில் ஓடிய சில்லறை. வெங்காயத் தோல் மொத்தத்தில் ஒரு வெள்ளித் தகடு, கீழே மெத்தென்ற தோலோ ஈயமோ வைத்து மேலிருந்து ஒரே ஒரு அச்சால் தட்டினது. முன்பக்கம் புடைத்திருக்கும் உருவம் பின்பக்கம் குழியாக இருக்கும், அவ்வளவுதான். முதியவர் ஒன்றைக் கிடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தார். 0.07 கிராம் காட்டியது. நான் மூச்சு விட்டதற்கு எண் ஆடியது. விரல் நகத்தை விடச் சின்னது. அதற்குள்ளே ஒரு வளையம், வளையத்துக்குள் சிலுவை, சிலுவையின் மூலைகளில் புள்ளிகள். லென்ஸில் பார்த்தால் ஒரு கை மற்றதை விடக் கொஞ்சம் நீளம், அச்சு வெட்டினவருக்குக் கை தவறியிருக்கிறது. விலை 850.

சீட்டில் "கிறிஸ்தவ அரசின் பெருமை". இங்கே சிரித்தது நான். ஸ்வெர்ரே மன்னர் ஆண்ட அந்தக் காலத்தில் மன்னரைத் திருச்சபை விலக்கி வைத்திருந்தது. பேராயர் நாட்டை விட்டே போயிருந்தார், 1198இல் பாப்பரசர் நாட்டின் மேலேயே வழிபாட்டுத் தடை போட்டார். அப்படியிருந்தும் காசுகளில் சிலுவை நிற்கவில்லை, சனம் கோவிலுக்குப் போவதும் நிற்கவில்லை. எனக்கு இந்தக் காசில் சமயம் தெரிகிறது அதன் படத்தால் இல்லை, அது கிடைக்கிற இடத்தால். நோர்வேயின் பழைய மரக்கோவில்களில் தரைப் பலகைகளுக்கு அடியில் தோண்டினால் இந்தச் சில்லறைதான் வரும். லோம் கோவிலின் தரைக்குக் கீழே 1970களில் மண்ணைச் சலித்தபோது 2,000க்கும் மேல் காசுகள் கிடைத்தன. காணிக்கை போடும்போது கை நழுவி, பலகை இடுக்கால் விழுந்தவை. இவ்வளவு மெல்லிய சாமான் விழுந்தால் சத்தமும் கேட்டிருக்காது. அதே தரைக்கு அடியில்தான் ஹோவார்ட் என்பவன் குன்ஹில்டிடம் கல்யாணம் பேசி ரூன் எழுத்தில் கீறி அனுப்பிய மரக்குச்சியும் கிடந்தது. பூசை நேரத்தில் கடிதம் கொடுக்கிற பழக்கத்துக்கு வயது 800.

பிராக்டியேட்டைப் பிள்ளைக்கு வாங்காததற்குக் காரணம் அதன் மெலிவுதான். எட்டு வயதுக் கை. கடைக்காரரும் அதையே சொன்னார், விற்க முயலவில்லை. எனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இடையில் விற்பனைக்கு இல்லாத ஒன்றையும் காட்டினார். டென்மார்க் மன்னர் ஸ்வென் எஸ்ட்ரிட்சன் லுண்டில் அடித்த காசு, 11ஆம் நூற்றாண்டு. ஒரு வானதூதர் மன்னரிடம் கொடி கொடுக்கிறார், இருவரும் நேரே நிற்கிறார்கள், சட்டை முழுக்க புள்ளி புள்ளியாகக் கல் பதித்த வேலை. வடநாட்டு உடுப்பே இல்லை அது. பைசாந்தியப் பேரரசர் நாலாம் மிக்கேல் அடித்த தங்கக் காசில் அதிதூதர் மிக்கேல் பேரரசரிடம் கொடி கொடுக்கிற காட்சியை அப்படியே வெள்ளியில் இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தங்கம் வடக்கே வந்த வழிகளில் ஒன்று, மேலே சொன்ன அதே ஹரால்ட் ஹார்டுரோடே. அவர் அந்தப் பேரரசரிடம் படையில் நின்று பொன்னோடு திரும்பியவர். ஸ்வென் அவருக்குப் பரம எதிரி. எதிரி கொண்டுவந்த தங்கத்திலிருந்து எதிரியே படம் எடுத்துத் தன் வெள்ளியில் போடுகிறான்! முதியவர் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும்வரை நான் இருக்கையை விட்டு எழும்பவில்லை.

கடைசியாக வந்ததுதான் நான் தேடிய காசு. இன்றைய சுவீடனின் கொட்லாந்துத் தீவில், விஸ்பி நகரத்தில் அடித்த ஓர்துக் என்ற வெள்ளிக்காசு, 14ஆம் நூற்றாண்டு. ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல், கையில் எடுத்தால் எடுத்தது தெரிகிற பாரம். ஒரு பக்கம் தேய்ந்த பூ வேலை. மறுபக்கம் செம்மறி.

வடிவாகப் பார்த்தேன். உடம்பில் உரோமத்தைச் சின்னச் சின்னப் பிறைக் கீறல்களாக வெட்டியிருக்கிறார்கள், பின்தொடையில் அவை தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. முன்னங்கால் ஒன்று மடங்கியிருக்கிறது. உடம்புக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பு எழும்புகிறது, உச்சியில் சிலுவை, அதிலிருந்து பறக்கிற கொடி. விளிம்பைச் சுற்றி எழுத்துகள், ஒரு பக்கம் அச்சு சறுக்கியதால் மூன்று நாலு எழுத்து வெட்டுப்பட்டுப் போயிருக்கின்றன. கொடிக்குப் பக்கத்தில் கத்தி நுனியால் குத்தின மாதிரி ஒரு சின்ன வடு. யாரோ ஒருவர் வெள்ளி உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்த்திருக்க வேண்டும். விலை குறைந்ததற்கு அந்த வடுவும் ஒரு காரணம், எனக்கோ அதுதான் கூடுதல் பிடித்தது.

இந்தச் செம்மறிக்கு "இருக்கலாம்" தேவையில்லை. கொட்லாந்துக்காரர் 13ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய முத்திரையிலும் கொடி தாங்கிய ஆடுதான். சுற்றி லத்தீனில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்: கொட்லாந்தாரை நான் குறிக்கிறேன், செம்மறியில் கிறிஸ்து குறிக்கப்படுகிறார் என்று. ஆட்டு உரோமம் விற்றுச் சீவித்த தீவு, ஆடு அவர்களுக்கு வயிற்றுப்பாடும்தான். ஆனாலும் இந்த ஆடு எந்த ஆடு என்று அவர்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஹரால்டின் முடிச்சுக்கும் ஓலோஃபின் சிலுவைக்கும் இல்லாத சாட்சி இதற்கு இருக்கிறது. ஒவ்வொரு பூசையிலும் அப்பத்தைப் பிட்கும்போது "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" என்று நாங்கள் சொல்கிறோமே, அதன் படம்தான் இது. முதல் நன்மைக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுவது?

இதே செம்மறி அதற்கு வெகு முன்பே ஒரு காசில் வடக்கே வந்திருக்கிறது. மேலே சொன்ன ஈதெல்ரெட், 1009இல் வைக்கிங் படை வந்து இறங்கின வருடம், நாடு முழுக்க உபவாசமும் தவமும் கட்டளையிட்டார். அந்த நெருக்கடியோடு சேர்த்துப் பார்க்கிற ஒரு காசு உண்டு: மன்னரின் தலை இருக்க வேண்டிய இடத்தில் செம்மறி, மறுபக்கம் புறா. மிகக் கொஞ்சமே அடித்தார்கள். தப்பினவற்றில் கனக்க கிடைத்தது ஸ்காண்டிநேவியப் பக்கம், பலவற்றில் கழுத்தில் தொங்கவிட வளையம் பொருத்தியிருக்கிறது. யாருக்கு எதிராகச் செம்மறியை வேண்டினார்களோ அவர்கள் வீட்டுப் பெண்களின் கழுத்திலேயே அது போய்த் தொங்கியது.

ஓர்துக்குக்கு முதியவர் கேட்டது 2,600. நான் வடுவைக் காட்டினேன். 2,400க்கு வந்தார், அதற்குக் கீழே அசையவில்லை. சரி என்று எடுத்தேன்.

மேலதிகமாக ஒரு டென்மார்க் காசும். "உள்நாட்டுப் போர்க் காசுகள்" என்று ஒரு பெட்டி, எதை எடுத்தாலும் 250. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுச் சாமான், வெள்ளி என்று பேர், பார்த்தால் செம்பு. மன்னரும் பேராயரும் அடிபட்டுக்கொண்ட காலம் அது. லுண்ட் பேராயர் யாக்கொப் எர்லண்ட்சனை 1259இல் மன்னர் கிறிஸ்டோஃபர் சிறையிலேயே போட்டார். பெட்டிக்குள் கிளறினால் கிரீடம், ஆயர் கோல், சிலுவை, சாவி என்று எல்லாம் கலந்து வரும். தொடக்கக்காரருக்கு நல்ல பெட்டி. படம் தெளிவாக இருப்பதைப் பொறுமையாகத் தேடி எடுங்கள், முக்கால்வாசி வெறும் தகடு.

இனிச் சேவை பற்றி. நல்லது முதலில். ஓர்துக்கோடு ஒரு தாள் தந்தார்கள். எடை, அகலம், பட்டியல் எண், எந்தப் பழைய சேகரிப்பிலிருந்து எந்த ஏலத்தில் வந்தது என்ற வரலாறு எல்லாம் எழுதி, கையொப்பம் வைத்து. இதை அலட்சியமாக எடுக்காதீர்கள். நோர்வேயில் மண்ணிலிருந்து கிடைக்கிற காசு 1650க்கு முந்தியதென்றால் அது அரசின் சொத்து, கண்டெடுத்தவர் விற்க முடியாது. டென்மார்க்கிலும் புதையலை ஒப்படைக்க வேண்டும். ஆகவே "வயலில் கிடைத்தது" என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்து நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இந்தக் கடையில் வரலாறு இல்லாத மத்தியகாலக் காசை வைப்பதே இல்லை என்றார் அந்தப் பெண். நான் பார்த்த சீட்டுகளில் அது உண்மையாகத்தான் இருந்தது. வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் ஏற்றுமதி அனுமதி பற்றிக் கடையிலேயே கேளுங்கள், அவர்களே விண்ணப்பிக்க உதவுகிறார்கள்.

குறைகளும் உண்டு. காசைப் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறை மெத்தென்ற வகை. வெள்ளியை அதற்குள் வருடக்கணக்கில் விட்டால் பச்சைப் பசை பிடிக்கும். கேட்ட பிறகுதான் கெட்டியான உறை வந்தது, அதற்கும் 40 குரோனர். அன்பளிப்புப் பெட்டி என்று ஒன்று காட்டினார்கள், மோதிரக் கடையில் மிஞ்சினது, காசு அதற்குள் நிற்காது. அக்கா தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணிப் பையில் வைத்துக் கொடுத்தேன். கடையின் இணையப் பக்கத்தில் படங்கள் இருட்டு, நேரில் பார்த்தால் இரண்டு மடங்கு நன்றாக இருக்கிற காசுகள். விளக்கமெல்லாம் நோர்வேஜிய மொழியில் மட்டும். எங்கள் இளையவர்களுக்குப் பிரச்சினை இல்லை, என் வயது ஆட்கள் யாரையாவது கூட்டிப் போவது நல்லது. திரும்பக் கொடுக்க 14 நாள் இணையத்தில் வாங்குவதற்கு மட்டும்தான், கடையில் வாங்கினால் வாங்கினதுதான்.

பிள்ளைக்குக் காசு பிடித்ததா என்று கேட்பீர்கள். லென்ஸையும் சேர்த்துக் கொடுத்ததால் முதல் ஆர்வம் லென்ஸில்தான். பிறகு, "மாமா, ஆடு எப்பிடிக் கொடி பிடிக்குது? அதுக்குக் கை இல்லையே" என்று கேட்டாள். உயிர்த்த கிறிஸ்துவின் வெற்றிக் கொடி என்று விளக்கினேன். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முன்னங்காலை மடக்கி அதிலே கம்பைச் சாய்த்திருக்கிறது என்று அவளே முடிவு கட்டினாள். லென்ஸில் திரும்பப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி, மடங்கின கால் கம்புக்கு முட்டுக் கொடுக்கிறது.

வாங்காமல் பார்க்க மட்டும் விருப்பமுள்ளவர்களுக்கு: தொரொண்ஹெய்ம் போனால் பேராயர் மாளிகை அருங்காட்சியகத்துக்குள் கட்டாயம் போங்கள். பேராயர்களே தங்கள் பேரில் காசடித்த பட்டறையின் எச்சங்களைத் தோண்டியெடுத்த இடத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். விஸ்பிக்குப் போகிறவர்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஸ்பில்லிங்ஸ் புதையலைப் பாருங்கள். 67 கிலோ வெள்ளி, 1999இல் ஒரு வயலில் கிடைத்தது. காசுகள் பெரும்பாலும் திர்ஹம் என்ற அரபு நாட்டு வெள்ளிக்காசுகள், அவற்றுக்குள் "மோசே கடவுளின் தூதர்" என்று அரபியில் எழுதிய காசு ஒன்றும் உண்டு. வடநாட்டில் கிடைக்கிற அந்தத் திர்ஹம்களில் சிலவற்றின் மேல் யாரோ கத்தியால் சிலுவை கீறியிருக்கிறார்கள், சிலவற்றில் கிறிஸ்தவத்துக்கு முந்திய வடநாட்டுக் கடவுள் தோரின் சுத்தியல்.

நான் திரும்பவும் போவேன். டென்மார்க்கின் ரொஸ்கில்டவில் அடித்த காசு ஒன்று வேண்டும், ஒரு பக்கம் மன்னர் வால்டெமார், மறுபக்கம் கோலோடு ஆயர் அப்சலோன். ஒரே காசை இரண்டு அதிகாரமும் பங்கு போட்டுக்கொண்ட சாமான். வந்தால் தொலைபேசி எடுப்பதாக முதியவர் கொப்பியில் என் பெயரை எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்களாம். சீட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். "நீங்களே எழுதித் தாருங்கள்" என்றார்.